கை இருக்கு, ஆளைக் காணோம்

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி சாப்பாட்டுக்கு, பாதி புழுக்களுக்கு. நடுவில் யாரும் கோடு கிழிக்கவில்லை. ஆனாலும் மாமியாரின் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியும். மருமகளின் வெள்ளைத் தட்டு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நகர்ந்தால் போதும், "ஏம்மா, உன் சொந்தக்காரங்க என் ரொட்டிகிட்ட வர்றாங்க" என்று குரல் வந்துவிடும்.

மருமகளுக்குக் கடல்நீர்க் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. அங்கே ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகி, மராமத்து என்று சொல்லிப் பூட்டியதிலிருந்து நுண்ணோக்கி வீட்டு ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டது. கண்ணைக் கரிக்கும் மருந்தையெல்லாம் அலுவலகத்திலேயே கழுவிவிட்டு, உயிரிகளைச் சாராயத்தில் போட்டு மூடிய ஜாடிகளை மட்டும்தான் வீட்டுக்குள் கொண்டுவருவாள். அந்த விஷயத்தில் கறார். தெருவில் அவளுக்குப் புழு டாக்டர் என்று பெயர். நாய்க்கு வயிற்றில் புழு என்று ஒருவர் நாயையே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்த கதையும் உண்டு. பாவம், அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அவள் வேலை இதுதான். கடலடியில் இருந்து அள்ளிய சேற்றைப் படகிலேயே சல்லடையில் அலசி, அதில் குடியிருக்கும் சின்னஞ்சிறு உயிர்களைப் பொறுக்கி, இனம் பிரித்து எண்ணுவது. தண்ணீர் கெட்டால் மீன் ஓடிவிடும், தெளிந்தால் திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல் நீந்தும். சேற்றில் இருப்பவை அப்படி ஓட முடியாது. இருந்து தாங்கும், இல்லாவிட்டால் சாகும். ஆகவே ஓரிடத்துச் சேற்றில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தத் தண்ணீர் வருஷம் முழுக்க என்ன பாடுபட்டது என்று தெரிந்துவிடும். நல்ல சேற்றில் பலவகை ஆட்கள் இருப்பார்கள்: பேன் அளவு இறால், அரிசி அளவு சிப்பி, சட்டைப் பொத்தான் அளவு உடம்பும் ஐந்து மெல்லிய கைகளும் கொண்ட நொறுங்கி. தொட்டால் கை ஒடியும், அதனால் அந்தப் பெயர். கழிவு படிந்து அழுகிய சேற்றில் இவர்கள் யாரும் தங்க மாட்டார்கள். சிவப்பாக, தையல் நூல்போல, ஒரே ஒரு வகைப் புழு மட்டும் கும்பல் கும்பலாகப் பெருகிக் கிடக்கும். அதற்கு அழுகல்தான் விருந்து.

அவள் கணவன் அதே அலுவலகத்தில் படகோட்டி. சேறு அள்ளும் இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கி ஏற்றுவதும் அவன்தான். "நான் அள்ளிப் போடுறேன், அவ எண்ணிப் பாக்குறா. எங்க குடும்பமே சேத்துலதான் ஓடுது" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கேட்காதவர்களிடமும் சொல்வான்.

சிரிக்க முடியாத விஷயம் அவன் தம்பியுடையது. சின்னவன் என்று வீட்டில் கூப்பிடுவார்கள். ஊருக்கு வடக்கே உள்ள சின்னக் குடாவில் கயிறு கட்டிச் சிப்பி வளர்த்துக்கொண்டிருந்தான். கரையில் இருந்த மீன் டப்பா ஆலை கழிவை அப்படியே குடாவுக்குள் விட, சிப்பி வளர்க்கக் கூடாது என்று குடாவை மூடினார்கள். பிறகு ஆலைக்குச் சுத்திகரிப்புத் தொட்டி வந்தது, தண்ணீரும் சோதனையில் தேறியது. சேறு ஒன்றுதான் பாக்கி, அதையும் கரையை ஒட்டிய உள்பக்கம், கடலைப் பார்த்த வெளிப்பக்கம் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். இந்தப் பருவத்துச் சேறு தேறினால் குடா திறக்கும், தேறாவிட்டால் அவன் உரிமம் காலாவதியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. அவனோ இத்தனை நாளாகக் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டு, சும்மா கிடந்த சிப்பிக் கயிற்றையெல்லாம் வாராவாரம் எடுத்துப் பார்த்து, நைந்ததை மாற்றி முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால் "கயிறு தண்ணில எறங்கட்டும்மா" என்பான். மாமியாருக்கு அந்தக் கயிற்றைக் கண்டாலே எரிச்சல்.

அன்று காலை வெயில் ஜன்னல் வழியே நன்றாக விழுந்தது. மருமகள் குடாவின் வெளிப்பக்கத்து ஜாடி ஒன்றைத் திறந்து வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். ஜாடியில் முன்பே கலந்த சாயம் ஏறி, உயிராக இருந்தவை ரோஜா நிறத்தில் தெரியும், சேறும் ஓட்டுத் தூளும் பழுப்பாகவே கிடக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். நூல் புழு ஒன்று. இன்னொன்று. மறுபடியும் நூல் புழு. வேறு ஆளையே காணவில்லை. அவள் முகம் வாடியது. அடுத்த ஜாடியிலும் அதே கதை.

மாமியார் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். மருமகளின் முகத்தைப் படிக்க அவளுக்கு நுண்ணோக்கி வேண்டாம்.

"சின்னவன் தண்ணியா?"

"ஆமா, அத்தை."

"சரியில்லையா?"

"இன்னும் முடியல."

"முடியலன்னா சரி. முடியாத வரைக்கும் சரி." கிழங்கின் தோல் அன்றைக்குக் கொஞ்சம் தடிமனாகவே வந்தது.

மூன்றாவது ஜாடியில்தான் அது கண்ணில் பட்டது. புழு என்று நினைத்து எடுத்த ஒரு துண்டு புழு இல்லை. வரிவரியாக, ஓரத்தில் பொடி முள்ளோடு, ஒரு கை. நொறுங்கியின் கை. பக்கத்தில் இன்னொன்று. அவள் முதல் இரண்டு தட்டுகளையும் திரும்ப இழுத்துச் சக்கையைக் கிளறினாள். ஓட்டுத் தூளுக்கு நடுவே அங்கேயும் கைகள். முறிந்தது, முனை மட்டும், பாதி. வாயும் வயிறும் உள்ள அந்தப் பொத்தான் உடம்பு மட்டும் ஒன்றுகூட இல்லை.

கணவன் ரொட்டியைக் கடித்தபடி வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, இப்பிடி வெறிச்சுப் பாத்துகிட்டு இருக்க?"

"ஏங்க, இங்க பாருங்க. கை இருக்கு, ஆளைக் காணோம்."

"ஆளு எங்க போவான்? பாத்ரூம் போயிருப்பான்."

"வெளையாடாதீங்க. ஒண்ணு ரெண்டு கைன்னா அது தானா ஒடிச்சுப் போட்டுட்டு ஓடுச்சுன்னு சொல்லலாம். இது குவியலா கெடக்கு. கவ்விக்குள்ள வந்திருக்கு, சல்லடை வரைக்கும் வந்திருக்கு. ஜாடிக்குத்தான் ஆளு வரல."

"அப்ப நல்லதுதானே? நொறுங்கி இருக்குன்னா சேறு நல்லா இருக்குன்னுதானே நீ சொல்லுவ? அஞ்சு கைக்கு ஒரு ஆளுன்னு வகுத்துப் போட்டுடேன்."

"உடம்பு இருந்தாத்தான் கணக்கு. கைய எண்ணக் கூடாது. ஒரே ஆளை அஞ்சு தடவ எண்ணிடுவோம்."

"அதான் அஞ்சால வகுக்கச் சொல்றேன்."

"ஒடிஞ்ச ஒரு கைல மூணு துண்டு இருந்தா?"

அவன் ரொட்டியை மென்றான். கணக்கில் அவன் எப்போதும் சீக்கிரம் தோற்றுவிடுவான், அதைப் பற்றிக் கவலையும் படமாட்டான்.

"அன்னிக்கு சல்லடைல யாருங்க இருந்தா?" என்றாள் அவள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

அன்றைக்குச் சல்லடைக்காரர் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். காற்று கிளம்பப்போகிறது, அன்றைக்கு விட்டால் அந்த வாரமே படகு போகாது என்ற நிலை. கரையில் நின்றுகொண்டிருந்த சின்னவன், "நான் வரேன், எனக்குச் சல்லடை தெரியாதா?" என்று தாவி ஏறிவிட்டான். குடாவால் ஆதாயம் உள்ளவன் படகில் ஏறக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். "சும்மா தண்ணி ஊத்தப் போறான், விடேன்" என்றான் கணவன். அவளும் விட்டுவிட்டாள். அவள் முன்பக்கத்தில் பென்சிலால் சீட்டு எழுதி ஜாடிக்குள் போடுவதும் ஆழம் பார்ப்பதுமாக இருந்தாள். கணவன் கவ்விக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சல்லடைப் பக்கம் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் சின்னவன் வந்தான். கிடங்கில் அரை நாள் விடுப்பு. கையில் பையும் முகத்தில் சிரிப்புமாக வந்து, அம்மாவின் கிழங்குச் சூப்பை மூடி திறந்து மோந்து பார்த்துவிட்டு, மேசையில் சாப்பாட்டுப் பாதியில் உட்கார்ந்தான்.

"என்ன அண்ணி, என் ஆளுங்க என்ன சொல்றாங்க?"

"மொதல்ல சாப்பிடு."

"சாப்பிட்டுட்டுச் சொல்ற சேதின்னா நல்ல சேதி இல்லியே."

"சின்னவனே, அன்னிக்கு சல்லடைல தண்ணி விட்டியே, நொறுங்கி ஏதாவது பாத்தியா?"

"எது, அந்தக் கைய கைய ஆட்டுமே, அதுவா? ஐயோ, ஏகப்பட்டது அண்ணி! வெளிப்பக்கம் ஒவ்வொரு அள்ளுக்கும் வந்துச்சு. பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு."

"அதெல்லாம் எங்க?"

"எங்கன்னா?"

"ஜாடில இல்லியே."

சின்னவன் அவளை விநோதமாகப் பார்த்தான். கூடையில் தண்ணீர் தங்குமா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல.

"குட்டிங்க அண்ணி அதெல்லாம். உசுரோட இருந்துச்சு. திருப்பி விட்டுட்டேன்."

ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான்.

"திருப்பி விட்டுட்டியா?" என்றான் அண்ணன்.

"ஆமாண்ணே. பொடிச் சிப்பி, பொடி இறால்னு கொஞ்சம் வந்துச்சு, அரிசி அளவுதான், அதையும் விட்டேன். சின்னத எப்பவும் திருப்பி விடணும்தானே? அப்பா நம்மளுக்கு எத்தன தடவ மண்டைல குட்டிச் சொல்லிருக்காரு? கை பழகிருச்சு. வேணும்னு எதுவும் செய்யல. கண்ணு பாத்துச்சு, கை எடுத்துப் போட்டுச்சு."

"அப்ப அந்தச் செவப்புப் புழு?" என்றாள் அண்ணி.

"புழுவ யாரு பாத்தா? அது கெடந்துச்சு, கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

மருமகள் இடுக்கியைக் கீழே வைத்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மாமியார் எழுந்து வந்தாள். கிட்ட வந்து பார்த்தால் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது, அதில் எது எதற்கு என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"உனக்காகச் சாட்சி சொல்ல வந்தவங்கள எல்லாம் வழியனுப்பி வச்சுட்டியேடா" என்றாள்.

சின்னவனுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கரண்டியை வைத்துவிட்டான். காது வரைக்கும் சிவந்துபோனான்.

"அப்ப... சேறு மோசம்னு ஆயிடுச்சா?"

"ஜாடியப் பாத்தா அப்பிடித்தான்."

"ஆனா நான் பாத்தேனே! நான் கண்ணால பாத்தேன். அண்ணி, நீங்க என்னைய நம்ப மாட்டீங்களா?"

"நம்புறேன். நான் நம்புறது பேப்பர்ல ஏறாது."

"எழுதிடுங்க. இத்தன நொறுங்கி இருந்துச்சுன்னு எழுதிடுங்க. பொய் இல்லியே அது?"

அவள் திறந்த ஜாடிகளை மூட ஆரம்பித்தாள். மாமியார்தான் பேசினாள். "அவகிட்ட அதக் கேக்காத. கேட்டா அவளால இல்லன்னுதான் சொல்ல முடியும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துச் சோறு திங்க முடியாது. எனக்கு ஒரே மேசைதான் இருக்கு, அதுலயும் பாதி போச்சு."

மிச்ச ஜாடிகளை அவள் திறக்கவே இல்லை. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனாள். கணவன் வாசல் வரைக்கும் வந்து, "சல்லடை தவறிக் கவுந்துருச்சுன்னு சொல்லேன். யாரு கேக்கப் போறா? அவன் படகுல இருந்தான்னு சொன்னா மொத்தத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டாங்கன்னா?" என்றான்.

"தள்ளுனா தள்ளட்டும்."

"அவன் உரிமம் போயிரும்மா."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். அதட்டலாகத்தான் வந்தது. படியில் இறங்கும்போது அவளுக்குப் பயமாக இருந்தது, உண்மையிலேயே பயமாக இருந்தது. கொழுந்தனின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்ற பயம்.

பிரிவுத் தலைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். கடலில் பாதி ஆயுளைக் கழித்தவள், இப்போது முழங்கால் வலியால் நாற்காலிக்கு வந்தவள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு திட்டினாள்.

"அவன ஏத்துனது உன் தப்பு."

"ஆமாங்க."

"படகோட்டி உன் புருஷன், சல்லடை உன் கொழுந்தன். அடுத்த தடவ மாமியாரையும் கூட்டிட்டுப் போவியா?"

"அவங்களுக்குத் தண்ணின்னா ஆகாதுங்க."

தலைவி பேனாவைத் தட்டினாள். ஜாடிகள் அத்தனையும் செல்லாது. காற்று அடங்கியதும் திரும்ப அள்ள வேண்டும். பருவம் முடிவதற்குள் முடிந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் அவ்வளவுதான். படகுக்கு வேறு ஓட்டுநர். இவள் எண்ணலாம், ஆனால் எண்ணியதை அடுத்த துறைமுகத்து ஆய்வாளர் ஒருவர் முழுக்கத் திரும்ப எண்ணிப் பார்ப்பார். "சம்மதமா?" என்றாள். சம்மதத்துக்கு மேலேயே சம்மதம்.

காற்று அடங்கவேண்டுமே! தினமும் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. சின்னவன் வேலைக்குப் போகும் வழியில் கடலைப் பார்ப்பான், வரும் வழியில் பார்ப்பான். வீட்டுக்கு வந்தால் யாரும் கேட்காமலே "வெள்ளை அலை இன்னும் நிக்கல" என்பான். அண்ணியிடம் முகம் கொடுத்துத்தான் பேசினான். ஒருநாள் அவள் துணி காயப்போடும்போது பின்னால் வந்து நின்று, "நான் செஞ்சதுக்கு உங்களுக்குத் திட்டு வாங்கிக் குடுத்துட்டேன்" என்றான். "அந்தம்மா திட்டுனா சாதாரணமாப் பேசுறாங்கன்னு அர்த்தம்" என்றாள் அவள். அவனும் ஒரு முனையைப் பிடித்து விரிப்பை உதறினான். இரண்டு பேருக்கும் மனசு லேசாயிற்று.

கடைசியில் காற்று நின்றது. கண்ணாடிபோல் கிடந்தது கடல். வேறு ஓட்டுநர், காய்ச்சல் தெளிந்த பிள்ளையின் அப்பாவான பழைய சல்லடைக்காரர், அவள். அண்ணனும் தம்பியும் கரையில் ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து, அந்த ஓட்டுநர் கவ்வியை இறக்குவதில் உள்ள குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் அண்ணன்தான் சொன்னான். இத்தனை வருஷத்தில் தன் வேலையைத் தள்ளிநின்று பார்த்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை. இவ்வளவு கஷ்டமான வேலையையா செய்கிறோம் என்று தன்மேலேயே அவனுக்கு ஒரு மரியாதை வந்தது.

வெளிப்பக்கத்து முதல் அள்ளிலேயே நொறுங்கிகள் வந்தன. சல்லடையில் தண்ணீர் படப்பட ஒவ்வொன்றாகக் கை விரித்தன. எல்லாம் ஜாடிக்குள் போயின. கரையிலிருந்து பார்த்தவனுக்கு அது தெரியவில்லை. அவளும் கையசைத்து எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

அப்புறம் மேசை. மாமியார் அந்த நாட்களில் தன் பாதியையும் விட்டுக்கொடுத்துவிட்டாள். முட்டையும் ரொட்டியும் அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். எண்ணி முடித்ததும் எல்லாம் அடுத்த துறைமுகத்துக்குப் போயிற்று, அங்கேயும் எண்ணி ஒத்துப்போகிறது என்று வந்தது. தலைவி கையெழுத்துப் போட்டாள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அந்த ஒரு சலுகைதான் அவளால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். புழு எதுவும் இல்லாததால் மேசை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. வறுத்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. சின்னவன் தட்டைத் தொடவில்லை.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "வெளிப்பக்கம் நல்லா இருக்கு. தெறக்கலாம்னு போட்டாச்சு. உரிமமும் தொடரும்."

அண்ணன் மேசையைத் தட்டினான். மாமியார் கண்ணை மூடித் திறந்தாள்.

"உள்பக்கம் இல்ல" என்றாள் அவள். "உள்ள இன்னும் அந்தப் புழுதான். அடுத்த வருஷம்தான் பாக்கணும்."

சின்னவனின் இடம் காலங்காலமாக உள்பக்கம்தான். அலை கிடையாது, கரைக்குப் பக்கம், மிதவையும் நங்கூரமும் எல்லாம் அந்த அமைதிக்குத் தகுந்தமாதிரி செய்தது. வெளிப்பக்கம் என்றால் அலையோடு மாரடிக்க வேண்டும், துடுப்புப் போட்டே தோள் கழன்றுவிடும். அது மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தன் கையைப் பார்த்தாள். கணவன் மீன் முள்ளை எடுக்கிற சாக்கில் தலையே நிமிரவில்லை.

"அண்ணி" என்றான் சின்னவன், திரும்பாமல். "காத்து அடிச்ச நாள்ல நான் உள்பக்கம் எறங்கிப் பாத்தேன். முட்டியளவு தண்ணில நின்னு கால வச்சுக் கிளறுனேன். அழுகுன முட்ட மாதிரி நாத்தம். வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ சோப்புப் போட்டேன், போகல."

"ஏன்டா சொல்லல?" என்றான் அண்ணன்.

"எதுக்குச் சொல்லணும்? அண்ணி எண்ணட்டும், எப்பிடியாவது தேறிடட்டும்னு இருந்தேன்." அவன் வந்து மறுபடி உட்கார்ந்தான். முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துக்கொண்டான். "மொத்தமும் நல்லா இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்திருந்தா, சந்தோஷமா உள்பக்கம்தான் கட்டிருப்பேன் அண்ணி. வெளஞ்சத ஊருக்கெல்லாம் வித்திருப்பேன். ஆனா நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு சிப்பி கொண்டு வந்திருக்க மாட்டேன்."

மாமியார் எட்டி, ஆறிப்போன மீனில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து மருமகளின் தட்டில் வைத்தாள். சின்னவனுக்கு அடுத்தது.

"அண்ணே" என்றான் அவன், வாயில் மீனோடு, "வெளிப்பக்கத்துக்கு நம்ம நங்கூரம் பத்தாது. நல்ல கனமானதா வேணும். நாளைக்கு வர்றியா, பாக்கலாம்?"